ஐபோன் 15-ஐ விண்டோஸ் மடிக்கணினியுடன் இணைக்க எது நல்ல வழி?

கேள்வி:
வணக்கம். விண்டோஸ் 11 மடிக்கணினியை வைத்துக்கொண்டே ஐபோன் 15-க்கு மாறியிருக்கிறேன். போனில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் கணினியில் சேமிக்க வேண்டும். வேலை நேரத்தில் போனைக் கையில் எடுக்காமலே அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் கணினியில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. மேக் வாங்கும் எண்ணம் இல்லை. செலவில்லாமல் இதற்கு வழி உண்டா?

பதில் 1:
படங்களுக்குக் கேபிளே போதும். பூட்டைத் திறந்த போனை இணைத்து, இந்தக் கணினியை நம்பலாமா என்று அது கேட்கும்போது ஒப்புதல் கொடுத்தால், ஃபைல் எக்ஸ்புளோரரில் படங்கள் உள்ள பகுதி மட்டும் தெரியும்.

அதற்கு முன், செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் உள்ள 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதை 'கீப் ஒரிஜினல்ஸ்' என மாற்றிவிடுங்கள். அது 'ஆட்டோமேட்டிக்' என்று இருந்தால், ஐபோனின் வழக்கமான பட வடிவமான ஹெச்இஐசியில் உள்ள படங்களை ஜேபெக் வடிவத்துக்கு மாற்றியபடியே போன் அனுப்புவதால், கோப்புகள் ஏராளமாக இருக்கும்போது, சாதனம் இயங்கவில்லை என்ற பிழைச்செய்தியுடன் நகலெடுப்பு பாதியில் நின்றுவிடுவதுண்டு. பலர் கேபிளைக் குறை சொல்லிப் புதிதாக வாங்குவது இந்த இடத்தில்தான்.

ஹெச்இஐசி படங்களைத் திறக்க விண்டோஸில் தேவைப்படும் நீட்சிகளுள் (எக்ஸ்டென்ஷன் எனப்படும் கூடுதல் மென்பொருள்கள்) ஒன்றுக்குச் சிறு கட்டணம் உண்டு. அதைத் தவிர்க்க நினைத்தால், கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி எடுக்கும் படங்கள் ஜேபெக்காகவே பதிவாகும், ஆனால் கூடுதல் இடம் பிடிக்கும்.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னதோடு ஒன்று. ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடில் 'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' இயங்கினால், இடம் குறையும்போது மூலப்படங்கள் ஆப்பிளின் சர்வரில் மட்டுமே இருக்கும் என்பதால், கேபிள் வழியாக எல்லாப் படங்களும் வரமாட்டா. அப்படியானால் ஐகிளவுட் ஃபார் விண்டோஸ் செயலியே வழி. இலவச இடம் 5 ஜிபிதான். விலை உயர்ந்த கேபிளும் வேண்டாம், ஏனெனில் ஐபோன் 15-இன் டைப்-சி துளை யூஎஸ்பி 2 வேகத்தில், அதாவது நொடிக்கு 480 மெகாபிட் வரைதான், இயங்கும்.

பதில் 3:
அழைப்புகளுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் விண்டோஸிலேயே உள்ள போன் லிங்க் செயலி போதும். 2023 முதல் அது ஐபோனையும் ஏற்கிறது. புளூடூத் வழியாக இணைத்த பின், போனின் புளூடூத் அமைப்பில் அந்தக் கணினிக்கு அறிவிப்புகளையும் தொடர்புகளையும் பகிரும் அனுமதியை இயக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் எதுவும் வராது. ஆண்ட்ராய்டில் கிடைக்கும் வசதிகளை இதில் எதிர்பார்க்க வேண்டாம்: குழுச் செய்திகளுக்குப் பதில் எழுதவோ, செய்தியில் படம் அனுப்பவோ இயலாது. வாட்ஸ்அப்புக்கு அதன் விண்டோஸ் செயலியைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.