1 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. ஓட்டை: பஞ்ச், டை அளவு என்ன?

கேள்வி: மைல்ட் ஸ்டீல் தகடு. லேத்தில் பஞ்ச் (தகட்டைக் குத்தும் கம்பி), டை (பஞ்ச் இறங்கும் துளையுள்ள அடித்துண்டு) கடைஞ்சாச்சு. ஓட்டை விளிம்பில் பிசிர் வருது, ஏன்? 2 டன் ஆர்பர் பிரஸ் (கைப்பிடியால் அழுத்தும் கருவி) தாங்குமா?

பதில் 1: பஞ்சுக்கும் டைக்கும் இடைவெளி கூடுதலா இருக்கும், இல்லேன்னா முனை மழுங்கியிருக்கும். ஓட்டை அளவு பஞ்சோடதுதான். பஞ்ச் 10.00, டை 10.15 வைங்க. டையில் மேல் 3 மி.மீ. மட்டும் நேர்த்துளை, கீழே 10.5 ஆக்குங்க. இல்லேன்னா வெட்டின வில்லைகள் அடுக்கி இறுகிடும்.

பதில் 2: தாங்கும். ஓட்டைச் சுற்றளவு 31.4 × தடிமன் 1 × தகட்டின் வெட்டு வலிமை 350 = சுமார் 11,000 நியூட்டன், அதாவது 1.1 டன். தகட்டைப் பஞ்சிலிருந்து கழற்ற ஸ்ட்ரிப்பர் தட்டு கட்டாயம்.

பதில் 3: முனை மழுங்காம இருக்கக் கடினப்படுத்தணும். பஞ்ச், டை ஓ.எச்.என்.எஸ். (எண்ணெயில் கடினமாகும் கருவி எஃகு) கம்பின்னா, காந்தம் ஒட்டாத சூட்டைக் கொஞ்சம் தாண்டினதும் எண்ணெயில் செங்குத்தா இறக்குங்க, சாய்ச்சா கோணும். உடனே 220 டிகிரியில் ஒரு மணி நேரம் டெம்பர் (நொறுங்காம இருக்க மறுபடி சூடாக்குறது) பண்ணுங்க. அதை விட்டா விளிம்பு சில்லாத் தெறிக்கும், கண்ணு ஜாக்கிரதை.