ஆயா வீடு குழுவில் ஒரு ஜாமீன் கையெழுத்து

ஆயா வீடு, தருமபுரி
ஞாயிறு, மாலை 6:10

காவேரிப்பட்டணம் சித்தப்பா: அண்ணா, ஸ்தோத்திரம். சொசைட்டியில் 3 லட்சம் லோன் போடுகிறேன். ஜாமீனுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். நீங்கள் ஒன்று, பாலக்கோடு மச்சான் ஒன்று. செவ்வாய்க்கிழமை ஃபாரம் கொண்டுவருகிறேன்.

அப்பா: எதற்குத் தம்பி லோன்? பெங்களூரா மாங்காய் விற்ற காசு என்ன ஆயிற்று?

சித்தப்பா: அதை ஏன் கேட்கிறீர்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போக, மருந்துக்கடை பாக்கிக்கே பத்தவில்லை. இது வேறு விஷயம். எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு சகோதரர் டிரேடிங் பண்ணுகிறார். ஒரு லட்சம் போட்டால் மாதம் 8,000. விசுவாசிகளிடம் மட்டும்தான் வாங்குகிறார்.

பாலக்கோடு அத்தை: சின்ன அண்ணா, அண்ணிக்குத் தெரியுமா?

சித்தப்பா: அவளும் ஜெபித்துவிட்டுத்தான் சரி என்றாள்.

சித்தி: நான் எப்போது சரி என்றேன்? ஜெபித்துப் பார்க்கலாம் என்றேன். அவ்வளவுதான்.

ஓசூர் தம்பி: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

சித்தப்பா: என்னடா அழித்தாய்?

ஓசூர் தம்பி: ஒன்றுமில்லை அப்பா, சிரிக்கிற ஸ்டிக்கர். கை தவறிவிட்டது.

நான்: சித்தப்பா, மாதம் 8,000 என்றால் வருடத்துக்கு 96,000. நூற்றுக்கு 96 வட்டி. இரண்டு வட்டிக்கு விடுகிறவரையே நாம் ரத்தம் குடிக்கிறான் என்கிறோம், அது வருடத்துக்கு 24தான். இவ்வளவு சம்பாதிக்கத் தெரிந்தவர் பேங்கில் 12, 13 வட்டிக்குக் கடன் வாங்கி மிச்சத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமே. உங்கள் ஒரு லட்சம் அவருக்கு எதற்கு?

சித்தப்பா: நீ பேங்கில் இருக்கிறாய் பாப்பா, அப்படித்தான் பேசுவாய். இயேசு சொன்ன தாலந்து உவமையைப் படி. எஜமான் கொடுத்த பணத்தைப் புதைத்து வைத்த வேலைக்காரனுக்குத்தான் திட்டு விழுந்தது. பெருக்கினவனை எஜமான் மெச்சினார்.

அப்பா: பாதியில் நிறுத்தாதே. மத்தேயு 25, 27-ஆம் வசனத்தையும் வாசி. "நீ என் பணத்தைக் காசுக்காரர் வசத்தில் போட்டுவைக்கவேண்டியதாயிருந்தது" என்கிறார். காசுக்காரர் என்றால் அந்தக் காலத்து பேங்க். சோம்பேறி வேலைக்காரனுக்கே அந்த வழிதான் சொன்னார். இன்னொன்று, தாலந்து என்றதும் நாம் பாட்டு, பேச்சு, படிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம். அது எடைக் கணக்கு. ஒரு தாலந்து வெள்ளி 6,000 தினாரி. ஒரு தினாரி ஒரு நாள் கூலி. மாங்காய் பறிக்கிற ஆளுக்கு 600 ரூபாய் என்று வைத்துப் பார், 36 லட்சம் வருகிறது. அதையும் "அவனவனுடைய திறமைக்குத் தக்கதாக" ஆள் பார்த்துத்தான் கொடுத்தார். திரும்பி வந்ததும் கணக்குத்தான் கேட்டார்.

ஓசூர் தம்பி: பெரியப்பா, 36 லட்சத்தையா அந்த ஆள் குழி தோண்டிப் புதைத்தான்? இத்தனை நாள் ஏதோ சில்லறை என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா: ஆபிரகாம் சீமானாய் இருக்கவில்லையா? ஆசீர்வாதம் வேண்டாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அப்பா: இருந்தார், ஆடு மாடு வைத்துப் பிழைத்த சீமான். மனைவி சாராளை அடக்கம் பண்ண மக்பேலா நிலத்தை வாங்கினாரே, ஆதியாகமம் 23. சும்மா எடுத்துக்கொள் என்றுதான் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஊர்க்காரர் எல்லார் முன்னாலும் 400 சேக்கல் எடை வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். எரேமியா 32-ஐயும் பார். அந்தத் தீர்க்கதரிசி 17 சேக்கல் வெள்ளிக்கு நிலம் வாங்கி, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சி வைத்து, அந்தப் பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். எருசலேமைச் சுற்றிப் படை நிற்கிறது, அப்போதும் பத்திரம் எழுதாமல் விடவில்லை. உன் சகோதரர் என்ன எழுதிக் கொடுக்கிறார்?

சித்தப்பா: பாஸ்டருக்கும் அவரைத் தெரியும் அண்ணா.

நான்: தெரிந்தவர் வேறு, பொறுப்பேற்கிறவர் வேறு, சித்தப்பா. பேங்க் மூழ்கினாலும் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு இருக்கிறது. இவர் போனை அணைத்துவிட்டால்? இப்படி வாங்கி ஏமாற்றுகிறவர்களுக்காகவே நம் மாநிலத்தில் 1997-இல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, மத்திய அரசு 2019-இல் இன்னொன்று போட்டது. ஆனால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்து, சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் நம் மாமரம் இன்னொரு சுற்று காய்த்துவிடும்.

ஓசூர் தம்பி: 1920-இல் அமெரிக்காவில் பாஸ்டனில் சார்லஸ் போன்சி என்று ஒருவர் 45 நாளில் 50 சதவீத லாபம் என்றார். பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுத்தார், அதுதான் லாபம். முதலில் போட்டவர்களுக்குச் சரியாக வரும், அவர்களே ஊரெல்லாம் சொல்வார்கள்.

அத்தை: இருங்கள். நடுவில் ஒரு சந்தேகம். தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கிற பத்தில் ஒரு பங்கு, கையில் வருகிற சம்பளத்துக்கா, பி.எஃப். பிடிப்பதற்கு முன்னாலா? எங்கள் சபையில் இதற்கே ஒரு கூட்டம் நடந்தது.

அப்பா: மாதர் சங்கப் பொருளாளர் நீ. உனக்கே தெரியாதா?

அத்தை: எங்களுக்குப் பிடி அரிசிக் கணக்குத்தான் தெரியும் அண்ணா. உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட வேண்டும். மறந்தால் மறுவேளை இரண்டு பிடி. இதில் கையில் வருவது, பிடிப்பதற்கு முன்னால் எல்லாம் கிடையாது. சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான் தலைகீழ். போன வருடம் ஒரு பூசணிக்காயை 2,500-க்கு எடுத்தவர் இன்னும் பாதி தரவேண்டியிருக்கிறது, பெயர் சொல்லமாட்டேன்.

ஓசூர் தம்பி: அத்தை, அடுத்த மாதம் போட்டுவிடுகிறேன்.

அப்பா: கொரிந்தியருக்கு எழுதினதில், விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கச் சொல்கிறார் பவுல். பி.எஃப். பற்றி அவர் எழுதவில்லை. சரி, விஷயத்துக்கு வருவோம்.

அம்மா: ஆயா எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் பதிவு அனுப்பத் தெரியவில்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சின்னவனே, உங்க அப்பா ஒருத்தனுக்குக் கையெழுத்துப் போட்டார். கூட வேலை பார்த்தவன்தான். அவன் கட்டவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் முதலில் சைக்கிளை எடுத்தார்கள். அப்புறம் தேக்குக் கட்டிலை. உன்னைப் பெற்ற கட்டில். கால் வாசலில் இடித்தது, அப்படியே இழுத்துப்போனார்கள். அந்த நிலைக்கதவில் இன்னும் அந்த வடு இருக்கிறது. போய்த் தடவிப் பார்."

சித்தி: மாமியார் இதை எனக்குச் சொன்னதே இல்லை.

அப்பா: நீதிமொழிகள் 22, 26-ம் 27-ம். கடனுக்குப் பிணைப்படாதே, செலுத்த உனக்கு ஒன்றும் இல்லாவிட்டால் "நீ படுத்திருக்கும் படுக்கையையும்" எடுத்துக்கொள்வான் என்று இருக்கிறது. நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அந்த வசனத்தைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். பைபிள் என்னிடம்தான் இருக்கிறது. தம்பி, மருந்துக்கடை பாக்கிக்கு என் பென்ஷனில் இருந்து தருகிறேன், திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை. கையெழுத்து மட்டும் கேட்காதே.

(நாற்பது நிமிடம் யாரும் எழுதவில்லை.)

சித்தப்பா: அண்ணா.

சித்தப்பா: ஏற்கெனவே ஒரு லட்சம் போட்டாயிற்று. இரண்டு மாதம் 8,000 சரியாக வந்தது. அதனால்தான் லோன் போட்டு மூன்று சேர்க்கலாம் என்று நினைத்தேன்.

சித்தி: எந்த ஒரு லட்சம்?

சித்தப்பா: வளையல்.

நான்: சித்தப்பா, இப்போதே போன் பண்ணி அவசரம், அசல் முழுவதும் வேண்டும் என்று கேளுங்கள். வேறு எதுவும் பேச வேண்டாம்.

சித்தப்பா: கேட்டேன். அடுத்த மாதம் பார்க்கலாம், விசுவாசத்தில் பொறுமை வேண்டும் பிரதர் என்கிறார்.

அப்பா: ரசீது?

சித்தப்பா: இல்லை. அவர் டைரியில் எழுதினார்.

நான்: பணம் எப்படிக் கொடுத்தீர்கள்? கையிலா?

சித்தப்பா: ஐம்பது கையில். ஐம்பது ஜிபே.

நான்: ஜிபே ஹிஸ்டரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எதையும் அழிக்காதீர்கள். 16,000 எந்த எண்ணில் இருந்து வந்தது என்பதும் வேண்டும்.

அப்பா: காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். காவேரிப்பட்டணம் ஸ்டாப்பில் நில். மச்சானையும் வரச் சொல். மூன்று பேராகப் போவோம்.

அத்தை: இவர் வருவார் அண்ணா. நானும் வருகிறேன், அந்த டைரியைப் பார்க்க வேண்டும்.

சித்தி: நான் அதற்கு முன்னாலேயே போய் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன்.