கோத்தகிரி வீடு (குடும்பம் மட்டும்)

வியாழன்

கார்த்தி, மாலை 4:12
புல்லு வெட்டற மோவர் வண்டி எடுக்கல. சாவி திருப்பினா டிக்டிக்டிக்னு சத்தம் மட்டும் வருது. புல்லு அரை அடி நிக்குது.

தீபா, 4:13
ஞாயித்துக்கிழமை வளைகாப்புடா 😭

ராதா அத்தை, 4:15
சாமியானாக்காரர் நாளைக்கே கம்பம் நடணும்ங்கறார்

முருகேசன் மாமா, 4:16
பொலிரோ பேட்டரில இருந்து ஒயர் குடு. எடுத்துக்கும்.

சேகர் சித்தப்பா, 4:24
யாரும் ஒயர் குடுக்காதீங்க. கார்த்தி, கவனமா படி. டிக்டிக்னு வேகமா அடிச்சா கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். ஒண்ணு பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாட்டி டெர்மினல் லூசு. சத்தமே வராம இருந்தாதான் சீட்டுக்கு அடியில இருக்கற சுவிட்ச், பிரேக் பெடல், பிளேடு லீவர், ஃபியூஸ் எல்லாம் பாக்கணும். சீட்ல ஆள் உக்காராம, பிரேக் மிதிக்காம அது ஸ்டார்ட்டே ஆகாது. மல்டிமீட்டர் வெச்சு வோல்ட் எவ்வளவுன்னு சொல்லு.

கார்த்தி, 4:41
11.4

சேகர் சித்தப்பா, 4:42
போச்சு. ஃபுல் சார்ஜ்னா 12.6 இருக்கணும். 12க்குக் கீழ போனாலே காலிதான்.

பெரியப்பா, 4:45
வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஓட்டி வெச்சிட்டுத்தான் இருக்கேன்.

சேகர் சித்தப்பா, 4:49
அண்ணா, அதனாலதான் போச்சு. ஸ்டார்ட் பண்றப்ப எடுத்த கரண்டை அஞ்சு நிமிஷ ஐட்லிங் திருப்பித் தராது. ஓட்டினா ஃபுல் த்ராட்டில்ல அரை மணி நேரம் ஓட்டணும். இல்லாட்டி நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வெச்சிட்டு மாசம் ஒருக்கா சார்ஜ் போடணும். இறங்கின பேட்டரிய அப்படியே விட்டா உள்ள இருக்கற ஈயப் பிளேட்ல வெள்ளையா சல்ஃபேட் படிஞ்சிரும். அப்புறம் சார்ஜ் ஏறாது.

பெரியப்பா, 4:50
வண்டி வாங்கறப்ப பாதிக் காசு தரேன்னவன் பேசறான்.

ராதா அத்தை, 4:50
🙏 ஆரம்பிச்சிட்டாங்க

வசந்தி பெரியம்மா, 4:52
வர்க்கி எத்தனை கிலோ சொல்லட்டும்?

சேகர் சித்தப்பா, 4:58
கார்த்தி, கழட்டறப்ப நெகட்டிவ் முதல்ல. பாசிட்டிவ்ல ஸ்பேனர் வெச்சிட்டு இரும்புச் சட்டத்தைத் தொட்டா நெருப்பு பறக்கும். மாட்டறப்ப நேர்மாறு, பாசிட்டிவ் முதல்ல. டெர்மினல்ல பச்சையா, வெள்ளையா பூத்திருந்தா சமையல் சோடாவை வெந்நீர்ல கரைச்சு பல் பிரஷ்ல தேய். பேட்டரி செல்லுக்குள்ள ஒரு சொட்டு போகக்கூடாது. மூடியத் திறந்து தண்ணி மட்டம் பாரு.

கார்த்தி, 5:20
ரெண்டு செல்லுல பிளேட் வெளிய தெரியுது

முருகேசன் மாமா, 5:21
ஆர்ஓ தண்ணி ஊத்து

சேகர் சித்தப்பா, 5:22
மாமா!! ஆர்ஓ தண்ணியில உப்பு மிச்சம் இருக்கும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். ஆசிட்டும் ஊத்தாதே, ஆவியானது தண்ணிதான். இப்ப பிளேட் முங்கற அளவு போதும். சார்ஜ் ஏறி முடிஞ்சப்புறம்தான் கோடு வரைக்கும் ஊத்தணும், முன்னாடியே நிரப்பினா பொங்கி வழியும்.

கார்த்தி, 5:25
மெக்கானிக் கடை பெரிய சார்ஜர்ல ஒரு மணி நேரம் போதும்னாங்க

சேகர் சித்தப்பா, 5:31
வேண்டாம். 28 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) பேட்டரி. அதுல பத்துல ஒரு பங்கு, 3 ஆம்பியருக்கு மேல போகக்கூடாது. 10-12 மணி நேரம் ஆகட்டும். 15 ஆம்பியர் குடுத்தா கொதிச்சு பிளேட் வளைஞ்சிரும். கார் ஷெட்ல வெச்சு கதவைத் திறந்து வை, ஹைட்ரஜன் வரும். பெரியப்பா பக்கத்துல பீடி பத்த வெக்கக்கூடாது.

பெரியப்பா, 5:32
விட்டு ஆறு மாசம் ஆச்சு.

வசந்தி பெரியம்மா, 5:32
😂😂😂

தீபா, 5:40
கோயம்புத்தூர்ல இருந்து வர்றவங்க இ-பாஸ் எடுத்தாச்சா? பிளாஸ்டிக் டம்ளர் கொண்டு வராதீங்க, குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பிடுங்கிருவாங்க

ராதா அத்தை, 5:44
இ-பாஸ் உள்ளூர் வண்டிக்கும் வேணுமா?

தீபா, 5:44
நம்ம நீலகிரி நம்பர் TN 43க்கு வேண்டாம் அத்தை

வெள்ளி

கார்த்தி, காலை 7:05
சார்ஜர் எடுத்துட்டேன். 13.1 காட்டுது!!

சேகர் சித்தப்பா, 7:09
அது மேலோட்டமான சார்ஜ், நம்பாதே. நாலு மணி நேரம் விட்டுப் பாரு. இப்ப உறைபனியில புல்லு மேல வண்டி ஏத்தாதே, டயர் தடத்துல கருகிப்போகும். ஈரப் புல்லு பிளேடு மூடிக்குள்ள அப்பிக்கும். 11 மணிக்கு மேல வெட்டு. முதல் தடவை உயரத்தை உச்சத்துல வை. ஒரே தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டினா புல்லு மஞ்சளாயிரும். மிச்சம் நாளைக்கு.

ராதா அத்தை, 7:15
கம்பம் இன்னிக்கு நடறாரே?

கார்த்தி, 11:38
12.45

கார்த்தி, 11:44
ஸ்டார்ட் ஆயிருச்சு 🔥 ஸ்டார்ட்டர் இழுக்கறப்ப வோல்ட் 9.9க்கு இறங்குச்சு

சேகர் சித்தப்பா, 11:46
9.6க்குக் கீழ போனா பேட்டரி அவ்வளவுதான். உன்னுது விளிம்புல நிக்குது. ஓடறப்ப டெர்மினல்ல வோல்ட் பாரு. 13.5ல இருந்து 14.5க்குள்ள இருந்தா வண்டி சார்ஜ் பண்ணுது. 12லயே நின்னா சார்ஜிங் பக்கம் கோளாறு, புது பேட்டரி போட்டாலும் அதுவும் சாகும்.

கார்த்தி, 11:52
13.8

முருகேசன் மாமா, 11:53
அப்ப புது பேட்டரி வேண்டாம்ல

சேகர் சித்தப்பா, 11:55
ஞாயிறு வரைக்கும் வண்டி ஓடும். அடுத்த மழைக்கு சொல்ல முடியாது. வாங்கறதுன்னா அதே அளவு, அதே பக்கம் டெர்மினல் இருக்கணும், பழசை அளந்து அனுப்பு. நான் வர்றப்ப வாங்கிட்டு வரேன்.

பெரியப்பா, 11:57
யார் காசு?

வசந்தி பெரியம்மா, 12:20
வர்க்கி 4 கிலோ சொல்லிட்டேன். பத்தாதுன்னா இப்பவே சொல்லுங்க

தீபா, 12:21
60 பேர் பெரியம்மா 🙄