பழைய படத்தில் இருப்பது இந்தியக் காண்டாமிருகமா, ஜாவாவா?

கேள்வி: எழும்பூரில் 1880களின் விலங்குக்காட்சிசாலைப் படம் ஒன்று பார்த்தேன். கொம்பு ஒன்றுதான், தோலில் மடிப்பு. கீழே 'இந்தியக் காண்டாமிருகம்' என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பதில் 1: எழுத்தை விடுங்கள், தோள் மடிப்பைப் பாருங்கள். தோளுக்கு முன்னால் உள்ள மடிப்பு முதுகைக் கடந்து மறுபக்கம் போனால் ஜாவா. கழுத்துக்கு மேலே சேணம் வைத்ததுபோல் இருக்கும். முதுகைக் கடக்காமல் பின்னோக்கி வளைந்து மறைந்தால் இந்தியா. அடுத்தது தோல்: இந்திய இனத்துக்குத் தோளிலும் பின்தொடையிலும் ஆணி அடித்தாற்போல் குமிழ்கள், ஜாவாவுக்குச் செதில் பதித்த மாதிரி. பக்கவாட்டுப் படம் கட்டாயம் வேண்டும், முகம் மட்டும் போதாது.

பதில் 2: கொம்பை வைத்து முடிவு செய்யாதீர்கள் சார். கம்பியில் தேய்த்துத் தேய்த்து மழுங்கிவிடும். ஜாவாப் பெண்ணுக்குப் பெரும்பாலும் கொம்பே இருக்காது. இரட்டைக் கொம்புள்ள சுமத்ராக் காண்டாமிருகத்தின் இரண்டாம் கொம்பு வெறும் மேடாக இருந்தால் ஒற்றைக் கொம்பு என்றே தோன்றும். அப்போது உடல் ரோமத்தைத் தேடுங்கள், இருந்தால் சுமத்ரா.

பதில் 3: ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விலங்குக்காட்சிசாலையில் இந்திய இனம் என்றே காட்டிவந்த விலங்கு 1907இல் இறந்தது, பிறகுதான் ஜாவா என்று தெரிந்தது. மனிதர் வளர்ப்பில் இருந்த கடைசி ஜாவா அதுதான்! உங்கள் படத்தின் தோள் பகுதியைப் பெரிதாக்கிப் போடுங்களேன்.