தோல் வகை வினாப்பட்டியல் தமிழாக்கம்: ஆல்ஃபா குறைந்தால் கேள்வியைத் தூக்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. தோல் மருத்துவ மேற்படிப்பு ஆய்வேட்டுக்காக லெஸ்லி பாமனின் தோல் வகை வினாப்பட்டியலைத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம். எண்ணெய்ப்பசையா வறட்சியா, சட்டென்று எரிச்சல் காட்டுமா தாங்குமா, திட்டு விழுமா விழாதா, சுருங்குமா இறுக்கமாக நிற்குமா என்று நாலு அச்சு; சேர்த்தால் 16 வகை. திருப்பூர் பனியன் கம்பெனி, ஈரோட்டு மஞ்சள் மண்டி, பொள்ளாச்சித் தோப்பு ஆகிய இடங்களில் ஆள் எடுக்கிறோம். தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்த்ததில் மூலத்தோடு அச்சு அசலாக ஒத்துவருது. ஆனால் முன்னோட்டத்தில் ஃபவுண்டேஷன், மாய்ஸ்சரைசர் கேள்விகளைப் பலரும் நிரப்பாமல் விட்டுட்டாங்க. எரிச்சல் அச்சில் குரோன்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப்போகுதுன்னு காட்டும் எண்) 0.6-ஐக்கூடத் தொடலை. ஒத்துவராத கேள்விகளைத் தூக்கச் சொல்றாங்க. தூக்கலாமுங்களா? தோலின் எண்ணெயை அளக்கும் செபுமீட்டர், ஈரத்தை அளக்கும் கார்னியோமீட்டர் இரண்டும் கைவசம் இருக்கு.

கணக்குப்புள்ள:
தூக்காதீங்க. ஆல்ஃபா பார்க்கிறது எல்லாக் கேள்வியும் ஒரே குணத்தை அளக்கும்போதுதான் பொருந்தும். எரிச்சல் அச்சில் பாமன் நாலு தனித்தனிச் சங்கதிகளைக் கட்டியிருக்கார்: பரு, முகம் சிவந்து சூடாவது, குத்தல் எரிச்சல், ஒவ்வாமை. பரு வர்றவருக்கு கவரிங் நகை ஒவ்வாமையும் இருக்கணும்னு எந்த விதியும் இல்லை. அப்புறம் கேள்விகள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டும்? சுருக்க அச்சும் அப்படித்தான். வயசு, வெயில், புகை, அப்பா அம்மா முகம் எல்லாம் கூட்டிப் போடும் ஆபத்துக் கணக்கு அது. ஆல்ஃபாவை ஏத்துறதுக்காகப் பரு கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டால் எண் அழகா வரும், அச்சு செத்துப்போகும்.

அந்த இரண்டு அச்சுக்கும் மறுசோதனைதான் வழி. அதே ஆட்களிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்க. குறைஞ்சது 50 பேர், 100 கிடைத்தால் நல்லது. அச்சு மதிப்பெண்ணுக்கு ஐ.சி.சி. (இரண்டு தடவை வாங்கின மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டும் எண்) 0.7-க்கு மேல் வரணும். முதல் தடவை சித்திரை வெயிலிலும் இரண்டாம் தடவை கோடைமழை விழுந்த பின்னாடியும் கேட்டால், மாறினது தோலா பதிலான்னு யாராலும் சொல்ல முடியாது.

16 வகைக்கும் சேர்த்து ஒரே கப்பா (தற்செயலாப் பொருந்துவதைக் கழித்து ஒத்துப்போக்கைக் காட்டும் எண்) போடாதீங்க. ஒவ்வொரு அச்சிலும் 90 சதம் ஒத்துவந்தாலும், நாலும் ஒரே நேரத்தில் ஒத்துவர்றது 0.9-ஐ நாலு தடவை பெருக்கினால் வர்ற 66 சதம்தான். வெட்டுப்புள்ளிக்கு, அதாவது ஒரு வகையை இன்னொன்றில் இருந்து பிரிக்கும் மதிப்பெண்ணுக்கு, பக்கத்தில் இருக்கிறவர் ஒரு மதிப்பெண்ணில் அந்தப் பக்கம் சாய்ஞ்சுடுவார். அச்சு அச்சாக் காட்டுங்க. வெட்டுப்புள்ளியும் வேறு மக்களிடம் வைத்தது. இங்கே பொருந்துதான்னு பார்க்கிறதே ஆய்வின் ஒரு பாதி.

சிறுவாணித்தண்ணி:
திருப்பி ஆங்கிலமாக்கியது அச்சு அசலா வந்தது நல்ல சேதி இல்லீங்க. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்படித்தான் வரும். தமிழுக்கு இரண்டு பேர் தனித்தனியாப் பெயர்க்கணும். ஒருத்தர் தோல் விஷயம் தெரிஞ்சவர், இன்னொருத்தர் தெரியாதவர். இரண்டையும் இணைத்த பிறகு, மூலத்தைக் கண்ணால் பார்க்காத இரண்டு பேர் ஆங்கிலத்துக்குத் திருப்பணும். அப்புறம் குழு உட்கார்ந்து பேசி, 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை. அதில் பதிலை மட்டும் வாங்காமல், "இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன கேக்குதுன்னு உங்க பேச்சுல சொல்லுங்க" என்று கேட்டு எழுதணும். இதுக்கெல்லாம் முன்னாடி உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினீங்களா? அது இல்லாமல் வேலையைத் தொடங்காதீங்க.

வெறுமையா விட்ட கேள்விகளுக்கு "பூசியதே இல்லை" என்று ஒரு கட்டம் தனியா வையுங்க. அதற்கு நடு மதிப்பெண் போட்டால் கிரீம் தொடாத தோப்பு ஆள் எல்லாரும் அச்சின் நடுவில் குவிஞ்சுடுவாங்க. விடுபட்ட பதில் என்றே கணக்கில் எடுங்க. மாய்ஸ்சரைசருக்குப் பதில் தேங்காய் எண்ணெய், வாசலின், ஃபவுண்டேஷனுக்குப் பதில் பவுடர் என்று மாற்றலாம், ஆனால் மாற்றின ஒவ்வொன்றையும் குழுவின் குறிப்போடு ஆய்வேட்டில் காட்டணும். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டினால் எல்லாருக்கும் வாசித்தே காட்டுங்க. பாதி அப்படி பாதி இப்படி வேண்டாம்.

முகம் கழுவி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொல்லும் கேள்வி இருக்கே, அதுதான் நம்ம பக்கம் கவிழும் இடம். எந்தத் தண்ணி? சிறுவாணித் தண்ணியில் கழுவின முகமும், போர் உப்புத்தண்ணியில் சோப்பு போட்ட முகமும் ஒன்றா? கடினத் தண்ணியில் சோப்பு திரிஞ்சு தோலில் படியும். எண்ணெய்ப்பசைக்காரருக்கும் முகம் இறுகும். தண்ணி எது, சோப்பா பயத்தமாவா என்பதை மேலே இரண்டு கட்டமாச் சேர்த்துடுங்க. மதிப்பெண் வேண்டாம், பிரித்துப் பார்க்க உதவும்.

இன்னொன்று, தலைக்கு வைக்கிற எண்ணெய். நெற்றியில் வழிஞ்ச தேங்காய் எண்ணெயைப் பார்த்து ஆள் "மினுமினுங்குது" என்று குறிப்பார். செபுமீட்டர் நாடாவும் எண்ணெய் பட்டால் ஒளி ஊடுருவுவதைத்தான் அளக்குது. தோல் சுரந்ததா செக்கில் ஆட்டினதா என்று அதற்குத் தெரியாது. கேள்வியும் கருவியும் ஒரே தப்பைச் செய்யும், ஒட்டுறவு எண் மட்டும் பிரமாதமா வரும்! முதல் நாள் சாயங்காலத்தில் இருந்து தலைக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி, கன்னத்திலும் சேர்த்து எடுங்க. நாடாவை 30 விநாடி அழுத்தினால் அங்கே இருந்த எண்ணெய் நாடாவோடு வந்துடும். அதே இடத்தில் உடனே இன்னொரு அளவு எடுக்கக் கூடாது. கார்னியோமீட்டருக்கு அந்தத் தொந்தரவு இல்லை, மூன்று தடவை வைத்து சராசரி போடலாம்.

மஞ்சமண்டி:
நிறத்திட்டு அச்சு பற்றி யாரும் சொல்லலையே. வெயில் கேள்விகள், வெயிலுக்குத் தோல் எப்படி மாறுதுன்னு வகை பிரித்த ஃபிட்ஸ்பாட்ரிக் வழி வந்தவை. அவர் 1975-இல் வகுத்தது வெள்ளைத் தோலுக்கு. நம்ம பக்கம் அதிகம் வர்ற ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகு சேர்ந்தவை. "வெயில் பட்டால் சிவக்குமா" என்றால் கிட்டத்தட்ட எல்லாரும் இல்லை என்பார்கள், கேள்வி எதையும் பிரிக்காது. கருந்தோலில் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அன்று ராத்திரி மேலு காந்துச்சா, தொட்டால் வலிச்சுதா, நாலஞ்சு நாளில் தோல் உரிஞ்சுதா என்று கேளுங்க.

ஒப்பிட, மங்கு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வயது ஒத்தவர்களாக எடுத்து, அச்சு மதிப்பெண் இரண்டு குழுவையும் பிரிக்குதா பாருங்க. நிறமானியில் ஐ.டி.ஏ. கோணம் (தோல் எவ்வளவு வெளுப்பு, கருப்பு என்று காட்டும் அளவு) எடுப்பதா இருந்தால், மஞ்சள் பூசும் பெண்களுக்கு முகத்தில் வேண்டவே வேண்டாம். அந்தக் கோணம் ஒளிர்மையில் 50-ஐக் கழித்து மஞ்சள் அளவால் வகுத்து வர்ற விகிதத்தில் இருந்து கிடைப்பது. மஞ்சள் கூடினால் கோணம் சுழியம் பக்கம் இழுக்கும்: மாநிறம் கருப்பாகவும், நல்ல கருப்பு மாநிறமாகவும் பதிவாகும். மேல்கையின் உள்பக்கம் எடுங்க, வெயிலும் படாது மஞ்சளும் படாது.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க. அனுமதிக் கடிதம் இருக்கு. எரிச்சல் கேள்விகள் அப்படியே நிற்கட்டும். கருவி அளவைக் கம்பெனியிலேயே எடுக்கலாமுங்களா?

சிறுவாணித்தண்ணி:
ஏ.சி. அறை கிடைத்தால் மட்டும். 20 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 40 முதல் 60 சதம். வந்தவுடனே அளக்காமல் அரை மணி நேரம் உட்கார வையுங்க. அயர்னிங் டேபிளில் நின்றவரை ஷிஃப்ட் முடிஞ்சு கூப்பிடாதீங்க, வியர்வையில் கார்னியோமீட்டர் ஏறிப்போகும். காலையில் வேலைக்கு முன்னாடி எடுக்கணும். கிழமையும் பாருங்க: ஆம்பளைங்க புதன், சனி, பொம்பளைங்க செவ்வாய், வெள்ளி எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற வீடுகள் இன்னும் உண்டு. தேய்ச்ச நாளையும் அதற்கு மறுநாளையும் விட்டால், எல்லாருக்கும் பொதுவா விலகி நிற்கிறது திங்கட்கிழமைதான். சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நாளுக்கு எட்டுப் பத்துப் பேர் முடியும்.