‘மாத்திரை போடுவது அவிசுவாசம்’ என்று போதிக்கும் மூப்பரிடம் எப்படிப் பேசுவது?

எம்மாவு_வழி
ஸ்தோத்திரம். சுயாதீன சபை, ஞாயிறு ஆராதனைக்கு 150 பேர்போல வருவார்கள். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தும் மூப்பர் மூன்று மாதமாக ஒரே செய்தியைத்தான் கொடுக்கிறார்: “‘குணமானீர்கள்’ என்று வேதம் முடிந்துபோன காரியமாகச் சொல்லுகிறது. பிறகு மாத்திரை எதற்கு? அது அவிசுவாசம்.” நோயில் வைத்தியர்களைத் தேடின ஆசா ராஜாவையும் உதாரணம் காட்டுகிறார். இரண்டு பேர் மருந்தை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் பிரஷர் மாத்திரை, இன்னொருவர் இன்சுலின். கேள்வி கேட்டால் “அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே” என்று பதில் வருகிறது. ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை, காணிக்கை விஷயத்தில் சுத்தம். பாஸ்டருக்கு இன்னும் தெரியாது. மத்தேயு 18-இன்படி மூப்பரிடம் தனியாகப் போவதா, பாஸ்டரிடம் போவதா, வாட்ஸ்அப் குழுவிலேயே வசனத்தோடு பதில் போடலாமா?

மருந்துச்சீட்டு
போதனை விவாதம் நாளைக்கு. இன்சுலினை நிறுத்தியவர் வீட்டுக்கு இன்றைக்கே போங்கள்.

டைப் 1 சர்க்கரை என்றால் இன்சுலின் நின்ற ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, வாயில் பழ வாசனை. இவற்றைக் கண்டால் ஜெபித்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். டைப் 2 ஆனாலும் இன்சுலின் வரைக்கும் போனவர் என்றால் அலட்சியம் கூடாது. நிறுத்திய பழைய டோஸைத் தானாக மறுபடி போடச் சொல்லாதீர்கள், டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். குழுவில் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர் உண்டா என்றும் விசாரியுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

பிரஷர்காரர் வேறு மாதிரி. பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பார், அது புதன்கிழமை சாட்சியாகிவிடும். அந்தச் சாட்சியைக் கேட்டு அடுத்தவர் நிறுத்துவார். காசநோயிலும் இதே கதைதான். சில வாரங்களில் இருமல் குறைந்ததும் சுகம் என்று ஆறு மாதச் சிகிச்சையைப் பாதியில் விட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி திரும்பி வரலாம்.

1973-இல் கலிபோர்னியாவில் பார்ஸ்டோ என்ற ஊரில் 11 வயது சிறுவனுக்கு, சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பிறகு பெற்றோர் இன்சுலினை நிறுத்தினார்கள். பையன் இறந்துபோனான். அந்தப் பெற்றோருக்கும் விசுவாசத்தில் குறைவில்லை. பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் சபைக்குள்ளேயே பேசித் தீர்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

பெரோயா_தெரு
வசனங்களுக்கு வருகிறேன். மூப்பரிடம் போகுமுன் அவர் சொன்னதை அவருடைய வார்த்தையிலேயே, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். ‘மருந்து வேண்டாம்’ என்றாரா, ‘மருந்தை மட்டும் நம்பாதே’ என்றாரா? இரண்டாவது சரியான போதனை. பதிவு இருந்தால் ஒரு வரியை மட்டும் வெட்டாமல் முழுச் செய்தியையும் கேளுங்கள். தவறாக மேற்கோள் காட்டி ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

1 பேதுரு 2:24: “நாம் பாவங்களுக்குச் செத்து, நீதிக்குப் பிழைத்திருக்கும்படிக்கு” என்றுதான் வசனம் ஆரம்பிக்கிறது. அடுத்த வசனம் சிதறுண்ட ஆடுகளைப் பற்றி. 18-ஆம் வசனத்திலிருந்து பேசப்படுவது அநியாயமாய்ப் பாடுபடுகிற வேலைக்காரரைப் பற்றி. அந்த இடத்தில் ‘குணமானீர்கள்’ என்பது பாவத்திலிருந்து மேய்ப்பரிடம் திரும்பியது.

அவர் உடனே மத்தேயு 8:17-க்குப் போவார். நியாயம்தான், அங்கே நோய்கள் என்றே இருக்கிறது. ஆனால் பேதுருவின் வீட்டில் அன்று சாயங்காலம் இயேசு சுகமாக்கினபோது ஏசாயாவின் வாக்கு நிறைவேறியது என்கிறார் மத்தேயு. சரீர சுகம் மீட்பில் அடங்கியதுதான், அதை மறுக்காதீர்கள். மறுத்தால் உங்களைத்தான் அவிசுவாசி என்பார்கள். அது எப்போது முழுமையாகும் என்பதே கேள்வி. ரோமர் 8:23 சரீர மீட்புக்குக் காத்திருக்கிறோம் என்கிறது.

ஆசா: 2 நாளாகமம் 16-ஐ முழுவதும் வாசியுங்கள். 7-ஆம் வசனத்தில் சீரியா ராஜாவைச் சார்ந்துகொண்டான், 10-இல் கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனைக் காவலில் வைத்தான், 12-இல் “கர்த்தரை அல்ல, பரிகாரிகளையே” தேடினான். அந்த ‘அல்ல’ என்ற சொல்லில்தான் குற்றம் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்து வசனங்கள்: 1 தீமோத்தேயு 5:23 (தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம்), 2 தீமோத்தேயு 4:20 (துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே பவுல் விட்டுவந்தார்), ஏசாயா 38:21 (எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் 15 வருஷம் கூட்டித்தந்த பிறகும் பிளவைக்கு அத்திப்பழ அடைதான் பற்று), கொலோசெயர் 4:14 (பிரியமான வைத்தியனாகிய லூக்கா). எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டாதீர்கள். துரோப்பீமு ஒருவரே போதும்: அவருக்கு விசுவாசம் இல்லையா, பவுலுக்கு வரம் இல்லையா?

குமரிப் பக்கத்தில் நெய்யூர் மிஷன் வைத்திய ஊழியம் தொடங்கியது 1838-இல். கோயிலும் ஆஸ்பத்திரியும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த மண்ணில் இந்தப் போதனை எடுபடுவது வேடிக்கைதான்.

சாலமோன்_மண்டபம்
மத்தேயு 18:15 பற்றி ஒரு திருத்தம். அது உங்களுக்கு விரோதமாக ஒருவர் குற்றம் செய்தால் எடுக்கும் வழி. பகிரங்கமாகப் போதித்ததைப் பகிரங்கமாகக் கண்டிக்கலாம்; அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகத்தான் கேட்டார் (கலாத்தியர் 2:14). ஆகவே தனியாகப் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் இவர் விஷயத்தில் போவதே புத்தி. அப்பொல்லோ ஜெப ஆலயத்தில் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தங்களிடம் சேர்த்துக்கொண்டு விவரித்துக் காட்டினார்கள் (அப்போஸ்தலர் 18:26). நல்ல எண்ணத்தோடு தவறுகிறவருக்கு அந்த வழி.

ஒருமுறை, இரண்டு பேர், அவருடைய வீட்டில், முக்கால் மணி நேரம். அந்த இருவரும் செய்தியைக் காதால் கேட்டவர்களாக இருக்கட்டும். மூப்பர்மேல் பிராதுக்கு இரண்டு மூன்று சாட்சி வேண்டும் (1 தீமோத்தேயு 5:19), பின்னால் அது பயன்படும். கேட்க வேண்டியது இரண்டே: மருந்தை நிறுத்தச் சொன்னதை அடுத்த புதன்கிழமை அவரே திருத்திச் சொல்வாரா? நிறுத்தியவர்களை அவரே டாக்டரிடம் அனுப்புவாரா? உயிர்க்காரியம் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் தவணை கொடுக்காதீர்கள்.

வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். குழுவில் போட்ட நிமிடமே அது வேத விஷயம் இல்லாமல் குடும்ப விஷயம் ஆகிவிடும். அவருடைய சம்பந்தி, மச்சான், அவர் கடனுதவி செய்தவர் எல்லாரும் ஒரு பக்கம் நிற்பார்கள்.

‘தொடாதே’ என்பதற்கு 1 சாமுவேல் 24. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவான சவுலைத் தாவீது கொல்லவில்லை, அதுதான் ‘தொடாதது’. ஆனால் குகைக்கு வெளியே வந்து சவுலின் அநியாயத்தை அவன் முகத்துக்கு முன்னே சொன்னான்.

எம்மாவு_வழி
இன்சுலின்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், நன்றி. மூப்பர் இரண்டில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொண்டால்? “இனி அப்படிப் பேசமாட்டேன், ஆனால் பழையதைத் திருத்த மாட்டேன்” என்று சொல்லக்கூடியவர்.

சாலமோன்_மண்டபம்
போதாது. மறுநாளே அந்தக் குறிப்போடும் இரண்டாவது சாட்சியோடும் பாஸ்டரிடம் போங்கள். ஒரு பக்கம் போதும்: தேதி, சொன்ன வாக்கியம், நிறுத்தியவர் எத்தனை பேர் (பெயர் வேண்டாம், அது அவர்கள் சொல்ல வேண்டியது), நீங்கள் பேசிய நாள், அவர் பதில். ‘கள்ளப் போதகர்’ என்ற வார்த்தையை எழுதாதீர்கள். புத்திசொல்லியும் கேட்காதவருக்குத்தான் தீத்து 3:10 (‘விட்டு விலகு’). திருத்தம் ஞாயிறு ஆராதனையில் வந்தால் மட்டும் போதாது, புதன்கிழமை கூட்டத்திலும் வரவேண்டும். அங்கே வருகிற அக்கம்பக்கத்தார் ஞாயிறு வரமாட்டார்கள்.

மருந்துச்சீட்டு
சாட்சிக்கும் ஒரு ஒழுங்கு வையுங்கள். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, ஆசாரியனுக்குக் காண்பி என்றார் (மாற்கு 1:44). பரிசோதித்துச் சொல்லவேண்டியது இன்னொருவர். சர்க்கரை சுகமானது என்றால் ஹெச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். அது ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும். நிறுத்திப் பத்தே நாளில் எடுத்தால் மருந்து சாப்பிட்ட காலத்தின் நல்ல எண்தான் வரும், அதைக் காட்டிச் சாட்சி சொல்வார்கள். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் அந்தச் சீட்டை எழுதிய டாக்டர் செய்யட்டும். அவர் நிறுத்தினால் தாராளமாக ஸ்தோத்திரப் பலி செலுத்தலாம்.