கடன் விலையும் தாமத வட்டியும்: தோல் தொழிலில் எப்படி முடிவெடுப்பது?

கேள்வி (ஆம்பூர் காஸ்டிங்):
அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு தோல் பதனிடும் டேனரியில் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) பார்க்கிறேன். முதலாளி வட்டி வாங்கவும் மாட்டார், கொடுக்கவும் மாட்டார். சதுர அடிக்கு ரொக்கம் என்றால் 90, 45 நாள் கடன் என்றால் 93 என்று கொட்டேஷன் போட்டேன். "இந்த 3 ரூபாய் வட்டிதானே?" என்று கேட்கிறார். அப்புறம், ஒரு வாடிக்கையாளர் கெடு தாண்டியும் பணம் தரவில்லை. எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி தாமத வட்டி கேட்கலாமா?

வாணியம்பாடி பாய்:
வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. நானும் டேனரி கணக்கு பார்த்தவன்தான். 93-இல் தவறில்லை. கடன் விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் சபையான சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1990-இல் ஜித்தாவில் தீர்மானித்தது. ஆனால் ரொக்கமா கடனா என்பது பேரம் முடியும்போதே உறுதியாகிவிட வேண்டும். பணம் தாமதமானால் அந்த 93 ஒரு பைசாகூட ஏறக்கூடாது, ஏறினால் வட்டி.

ஜிஎஸ்டி கன்சல்டன்ட்:
அந்த 2006 எம்எஸ்எம்இ சட்டம் தருவது சாதாரண வட்டி இல்லை. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. சட்டத்தில் இடம் உண்டு. வாங்குவது உங்கள் விருப்பம்.

வாணியம்பாடி பாய்:
முதலில் அந்த வாடிக்கையாளரின் நிலையை விசாரியுங்கள். நிஜமாகவே கஷ்டம் என்றால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது குர்ஆன் 2:280. வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அப்படிப்பட்டவர் என்றால் தயங்காமல் புகார் கொடுத்து அசலை வாங்குங்கள்.

ஆம்பூர் காஸ்டிங்:
ஜஸாகல்லாஹ் பாய். இன்னொரு சந்தேகம். 84 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் வந்திருக்கிறது. மாறும் செலவு (உற்பத்தி கூடினால் கூடும் செலவு) 82 வருகிறது. எடுக்கலாம்தானே?

வாணியம்பாடி பாய்:
அந்த 82-இல் கழிவுநீர் சுத்திகரிப்புச் செலவு சேர்ந்திருக்கிறதா?

ஆம்பூர் காஸ்டிங்:
இல்லை, அது ஓவர்ஹெட்டில் (பொதுச் செலவில்) இருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு லிட்டர் கணக்கில் கட்டுகிறோம். சதுர அடிக்கு 3 ரூபாய் போல வரும்.

வாணியம்பாடி பாய்:
லிட்டர் கணக்கு என்றால் அது மாறும் செலவு தம்பி. சேர்த்தால் 85. இந்த ஆர்டரில் சதுர அடிக்கு 1 ரூபாய் நஷ்டம். அதை லாபமாக்க ஒரே குறுக்கு வழி, தண்ணீரைச் சுத்திகரிக்காமல் திறந்துவிடுவது. பாலாறு என்ன ஆனது என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்த் தோல் கழிவு வழக்கிலும் சொன்னது. "தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கு செய்யவும் கூடாது" என்ற ஹதீஸ் அதற்கு எவ்வளவோ முன்பே இருக்கிறது. வட்டியில் இவ்வளவு பேணுதலாக இருக்கும் உங்கள் முதலாளி இதையும் கேட்பார். அந்த 3 ரூபாயை மாறும் செலவில் சேர்த்து ஷீட்டைக் காட்டுங்கள். 88-க்குக் குறையாமல் பேசச் சொல்லுங்கள். வாங்குபவர் ஒத்துவரவில்லையென்றால் ஆர்டரை விட்டுவிடலாம்.